பத்தரை நிமிடமும் ஏழாவது கோலும்: 1898-99 லீக் பட்டம் போன வழி

கேள்வி இதுதான்: 1898-99 இங்கிலாந்து கால்பந்து லீக்கில் ஒரு ஆட்டம் இருட்டிவிட்டதால் பாதியில் நின்றது, மீதமிருந்த பத்து நிமிடத்தை மூன்று மாதத்துக்கு மேல் கழித்து ஆடி முடித்தார்கள் என்கிறார்களே, உண்மையா? உண்மை என்றால், அந்தப் பத்து நிமிடத்தால் சாம்பியன் பட்டம் கை மாறியதா?

உண்மைதான். ஷெஃபீல்டின் ‘தி வென்ஸ்டே’ கிளப்பும் ஆஸ்டன் வில்லாவும் ஆடிய ஆட்டம் அது. நின்றுபோனது ஷெஃபீல்டில் 1898 நவம்பர் 26 அன்று. ஆடி முடித்தது 1899 மார்ச் 13 அன்று. நடுவில் 107 நாள். பட்டம் கை மாறியதா என்றால், இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தை எல்லோரும் ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த சீசனின் கடைசி நாளில் ஆஸ்டன் வில்லாவும் லிவர்பூலும் எந்த நிலையில் மோதின என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தப் பத்தரை நிமிடம் அவ்வளவு லேசான விஷயமாகத் தெரியாது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் லீக் அன்றைக்கு எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். ஆஸ்டன் வில்லாவின் நிர்வாகிகளில் ஒருவரான வில்லியம் மெக்ரெகர் கடிதம் எழுதிக் கூட்டம் போட்டு, 1888இல் 12 கிளப்புகளோடு தொடங்கிய லீக் இது. 1892இல் இரண்டாம் டிவிஷன் வந்தது. அதற்குப் பிறகு சில வருடம், மேல் டிவிஷனில் கடைசியில் வந்தவர்களும் கீழ் டிவிஷனில் முதலில் வந்தவர்களும் ‘டெஸ்ட் மேட்ச்’ என்ற பெயரில் மோதிக்கொள்வார்கள். யார் மேலே இருப்பது, யார் கீழே போவது என்பதை அந்த ஆட்டங்கள் தீர்மானிக்கும். (நம் ஊரில் டெஸ்ட் மேட்ச் என்றால் ஐந்து நாள் கிரிக்கெட். இது அது இல்லை.)

1898இல் அந்த முறைக்கு சாவுமணி அடித்தது ஸ்டோக்கும் பர்ன்லியும் ஆடிய ஒரு டெஸ்ட் மேட்ச். டிரா ஆனால் இரண்டு பேருமே அடுத்த வருடம் முதல் டிவிஷனில் இருக்கலாம் என்ற நிலை. அப்புறம் யார் வியர்வை சிந்தப் போகிறார்கள்? ஆட்டம் 0-0. லீக்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. டெஸ்ட் மேட்ச்சையே தூக்கிவிட்டு, முதல் டிவிஷனை 16 கிளப்பிலிருந்து 18ஆக்கி, கடைசி இரண்டு இடத்தில் வருபவர்கள் நேராகக் கீழே இறங்க வேண்டும் என்று விதி போட்டார்கள். இடம் கிடைக்காமல் போயிருக்க வேண்டிய பிளாக்பர்ன் ரோவர்ஸ், நியூகாசில் யுனைடெட் இரண்டுக்கும் இந்தக் குழப்பத்தில் அடித்தது யோகம். ஒப்புக்கு ஆடிய பர்ன்லியோ அடுத்த சீசனில் மூன்றாவது இடத்தில் வந்து நின்றது. கேட்டால் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஆக 1898-99 சீசன்தான், இன்று நாம் பார்க்கிற மாதிரியான உருவத்தில் நடந்த முதல் சீசன். 18 அணி, ஆளுக்கு 34 ஆட்டம், கடைசி இருவர் நேரடியாக இறக்கம். ஒரு வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. புள்ளி சமமாக வந்தால் கோல் சராசரி.

கோல் சராசரி என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அதுதான் கதாநாயகன். இன்றைக்கு போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிப்பார்கள். அன்றைக்கு வகுப்பார்கள். போட்டது 60, வாங்கியது 30 என்றால் சராசரி 2. போட்டது 40, வாங்கியது 20 என்றாலும் அதே 2. அதாவது நிறைய கோல் போட்டு நிறைய வாங்குகிற அணியைவிட, குறைவாகப் போட்டாலும் இறுக்கிப் பிடித்து ஆடுகிற அணிக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் சாதகம். கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் பார்த்துப் பார்த்து மண்டை காய்ந்தவர்களுக்கு இது பழக்கமான தலைவலிதான்.

சரி, ஷெஃபீல்டுக்கு வருவோம்.

நவம்பர் 26 சனிக்கிழமை. ஆலிவ் குரோவ் மைதானத்தில் ‘தி வென்ஸ்டே’ என்ற கிளப் வில்லாவை எதிர்கொள்கிறது. இன்றைய ஷெஃபீல்ட் வென்ஸ்டேதான் அது. புதன்கிழமை அரைநாள் விடுமுறையில் கிரிக்கெட் ஆடக் கூடியவர்கள் ஆரம்பித்த கிளப் என்பதால் கிழமையின் பெயரே கிளப்பின் பெயராக நின்றுவிட்டது. வில்லா அப்போது நாட்டிலேயே பெரிய கிளப். 1894, 1896, 1897 என மூன்று முறை லீக் சாம்பியன். 1897இல் லீக்கையும், தோற்றால் வெளியேறும் முறையில் தனியாக நடக்கும் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரே வருடத்தில் எடுத்திருந்தது. அதற்கு முன் அதைச் செய்தது 1889இல் பிரெஸ்டன் மட்டும்தான்.

அன்றைக்கு ரெஃப்ரி நேரத்துக்கு வந்து சேரவில்லை. அந்தக் காலத்தில் வீரர்களும் ரெஃப்ரியும் ரயிலை நம்பித்தான் பயணம். ஒரு இணைப்பு ரயில் தவறினால் ஆட்டம் ஆட்டம் கண்டுவிடும். வடக்கு இங்கிலாந்தில் நவம்பர் கடைசியில் நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். ஃப்ளட்லைட் கிடையாது. போதாக்குறைக்கு ஷெஃபீல்ட் எஃகு ஆலைகளின் ஊர், புகைக்குப் பேர்போனது. 79½ நிமிடம் ஆனபோது பந்தே கண்ணுக்குத் தெரியாத நிலை. வென்ஸ்டே 3-1 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டது.

இப்போது என்ன செய்வது? மூன்று வழி உண்டு. 3-1 என்ற முடிவை அப்படியே ஏற்கலாம். முழு ஆட்டத்தையும் 0-0 என்று மறுபடி ஆட வைக்கலாம். அல்லது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் வழி வென்ஸ்டேக்கு இனிக்கும், இரண்டாவது வழி வில்லாவுக்கு இனிக்கும். லீக் நிர்வாகம் மூன்றாவது வழியைப் பிடித்தது. காகிதத்தில் பார்த்தால் மிக நியாயமான தீர்ப்பு. நடைமுறையில், பத்தரை நிமிடத்துக்காக பர்மிங்காமிலிருந்து ஒரு அணி ரயிலேறி ஷெஃபீல்டுக்கு வர வேண்டும்.

வந்தார்கள். மார்ச் 13, திங்கட்கிழமை. வென்ஸ்டே இன்னொரு கோலும் போட்டது. முடிவு 4-1.

புள்ளிக் கணக்கில் ஒன்றும் மாறவில்லை. 3-1ஆக இருந்தாலும் 4-1ஆக இருந்தாலும் வில்லாவுக்கு தோல்விதான். அதனால்தான் இதை வெறும் துணுக்காகச் சொல்கிறார்கள். அந்த நாலாவது கோலை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

அதற்கு முன் லிவர்பூல். இந்த சீசனின் இன்னொரு பாதி அங்கேதான் இருக்கிறது.

லிவர்பூல் கிளப்புக்கு அப்போது வயது ஏழுகூட ஆகவில்லை. ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது எவர்ட்டன். மைதானத்தோடு தொடர்புடைய ஜான் ஹோல்டிங் என்ற மதுபான ஆலை முதலாளிக்கும் கிளப்புக்கும் வாடகை விஷயத்தில் முட்டிக்கொள்ள, எவர்ட்டன் மூட்டை கட்டிக்கொண்டு குடிசன் பார்க்குக்குப் போய்விட்டது. காலி மைதானத்தை வைத்துக்கொண்டு ஹோல்டிங் 1892இல் புதிதாக உண்டாக்கியதுதான் லிவர்பூல். 1894இல் முதல் டிவிஷனுக்கு ஏறி, அடுத்த வருடமே இறங்கி, மறுபடி ஏறிய கிளப். 1896இல் டாம் வாட்சனை மேனேஜராகக் கொண்டுவந்தார்கள். சண்டர்லாண்டில் மூன்று லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர். வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் கண் உள்ளவர். 1898இல் ஸ்டோக்கிலிருந்து அலெக்ஸ் ரெய்ஸ்பெக் என்ற இளம் ஸ்காட்லாந்துக்காரரை எடுத்தார். அந்தக் காலத்து ஆட்ட அமைப்பில் பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர். நடுவில் மூவரில் நடுநாயகமாக நிற்கும் ஆள் தடுக்கவும் வேண்டும், பந்தை முன்னால் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும். ரெய்ஸ்பெக் அந்த இடத்துக்கென்றே பிறந்தவர் மாதிரி ஆடினார்.

அந்த சீசனில் லிவர்பூலின் குணம் அதன் எண்களிலேயே தெரியும். 34 ஆட்டத்தில் போட்டது 49 கோல்தான். வில்லா போட்டது 76. ஆனால் கடைசி ஆட்டத்துக்கு முன்புவரை, 33 ஆட்டத்தில் லிவர்பூல் வாங்கியது வெறும் 28. அந்த டிவிஷனில் வேறு யாரும் அதன் பக்கத்திலேயே இல்லை. ஒன்று போட்டால் போதும், மீதியைப் பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிற அணி.

மார்ச் மாதம் வந்தபோது லிவர்பூல் லீக்கில் மட்டும் இல்லை, எஃப்.ஏ. கோப்பையிலும் அரையிறுதியில் நின்றது. வில்லா கோப்பையிலிருந்து முதல் சுற்றிலேயே நாட்டிங்காம் ஃபாரஸ்டிடம் தோற்று வெளியே போய்விட்டது. அரையிறுதியில் லிவர்பூலுக்கு எதிரி ஷெஃபீல்ட் யுனைடெட். முந்தைய வருட லீக் சாம்பியன்கள், இந்த வருடம் லீக்கில் தடுமாறிக் கடைசியில் 16வது இடத்தில் முடித்தார்கள். ஆனால் கோல் கம்பங்களுக்கு நடுவே நூறு கிலோவைத் தாண்டிய வில்லியம் ஃபோக் நிற்கும்போது கோப்பை ஆட்டங்களில் அவர்களை ஒதுக்கிவிட முடியாது.

மார்ச் 18, நாட்டிங்காமில் 2-2. மார்ச் 23, போல்ட்டனில் 4-4. லிவர்பூல் 4-2 என்று முன்னிலையில் இருந்து கோட்டைவிட்ட ஆட்டம் அது. ஒன்று போட்டால் காப்பாற்றிவிடும் அணி நாலு போட்டும் காப்பாற்றவில்லை என்றால் கால்கள் எவ்வளவு களைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாற்று வீரர் என்ற பேச்சே கிடையாது, ஆரம்பித்த பதினொரு பேர்தான் முடிக்க வேண்டும். மார்ச் 27, மான்செஸ்டர் ஃபாலோஃபீல்ட். இந்த மைதானத்துக்கு ஏற்கெனவே கெட்ட பெயர். 1893 கோப்பை இறுதிப் போட்டியில் தாங்க முடியாத கூட்டம் வந்து எல்லைக் கோட்டுவரை நின்ற இடம். இந்த முறையும் கூட்டம் உள்ளே புகுந்தது. நிறுத்தி நிறுத்தி ஆடியதில் முதல் பாதி முடியவே வெகுநேரம் ஆகிவிட்டது. லிவர்பூல் 1-0 என்று முன்னணி. அதற்கு மேல் நடத்த முடியாது என்று ஆட்டம் கைவிடப்பட்டது. மார்ச் 30, டெர்பியில் நாலாவது முறை. ஷெஃபீல்ட் யுனைடெட் 1-0 என்று வென்றது. ஏப்ரல் 15 இறுதிப் போட்டியில் டெர்பி கவுண்டியை 4-1 என்று அடித்துக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது.

பதின்மூன்று நாளில் நாலு அரையிறுதி. லிவர்பூல்காரர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இதைச் சொல்லித்தான் அந்த சீசனுக்குப் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது வேறு ஒன்று. தேதிகளை மறுபடி பாருங்கள். மார்ச் 13 அன்று, இருட்டால் நின்ற ஒரு லீக் ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். வில்லா பின்தங்கியிருந்த நிலையிலேயே மறுபடி களம் இறங்க வேண்டியிருந்தது. மார்ச் 27 அன்று, கூட்டத்தால் நின்ற ஒரு கோப்பை ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. லிவர்பூல் போட்டிருந்த ஒரு கோலைத் துடைத்துவிட்டு 0-0 என்று புதிதாக ஆட வைத்தார்கள். லீக் ஒரு அமைப்பு, கோப்பையை நடத்துகிற கால்பந்து சங்கம் வேறு அமைப்பு, ஆளுக்கொரு சட்டம். பட்டத்துக்குப் போட்டியிட்ட இரண்டு அணியும் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு எதிரெதிர் தீர்ப்பில் மாட்டின, இரண்டிலுமே அடி வாங்கின. சட்டங்கள் இடம் மாறியிருந்தால் வில்லாவுக்கு முழுசாக ஒரு மறு ஆட்டம் கிடைத்திருக்கும், லிவர்பூலுக்கு 1-0 என்ற முன்னிலையோடு இரண்டாம் பாதி கிடைத்திருக்கும்.

கோப்பை போனாலும் லிவர்பூல் லீக்கை விடவில்லை. ஏப்ரல் கடைசியில், இருவருக்கும் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அந்த ஒரு ஆட்டமும் அவர்கள் இருவருக்குள்தான். ஏப்ரல் 29 சனிக்கிழமை, வில்லா பார்க். இருவரும் 33 ஆட்டத்தில் 43 புள்ளி.

பட்டத்துக்கு நிற்கும் இருவர் சம புள்ளியோடு கடைசி ஆட்டத்தில் நேருக்கு நேர் வருவது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் இந்த மாதிரி கடைசி ஆட்டம் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1989 மே மாதம் ஆன்ஃபீல்டில் ஆர்சனல் 2-0 என்று லிவர்பூலை வென்று பட்டம் எடுத்தது. அங்கேகூட ஆட்டத்துக்கு முன் லிவர்பூல் மூன்று புள்ளி முன்னால் இருந்தது. 1899இல் புள்ளியில் துளி வித்தியாசம் கிடையாது.

இப்போது கணக்கு. ஒருநாள் சும்மா உட்கார்ந்து வகுத்துப் பார்க்க ஆரம்பித்தேன், அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முன் வில்லா போட்டது 71, வாங்கியது 40. சராசரி 1.775. லிவர்பூல் போட்டது 49, வாங்கியது 28. சராசரி 1.75. வித்தியாசம் 0.025. அதாவது ஆட்டம் டிரா ஆனால் பட்டம் வில்லாவுக்கு, ஒரு நூலிழையில்.

அந்த நூலிழை எங்கிருந்து வந்தது? ஐந்து நாள் முன்னால், ஏப்ரல் 24 திங்கட்கிழமை, வில்லா தன் பக்கத்து ஊர் எதிரியான வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனை 7-1 என்று நொறுக்கியது. அந்த ஆட்டத்தில் வில்லா வெறும் 1-0 என்று வென்றிருந்தால் புள்ளி அதேதான் இருந்திருக்கும், ஆனால் சராசரி 65க்கு 39, அதாவது 1.67. அப்போது டிரா என்றால் பட்டம் லிவர்பூலுக்குப் போயிருக்கும். சரி, 7-1 இல்லாமல் 6-1 என்று முடிந்திருந்தால்? 70க்கு 40. வகுத்தால் 1.75. லிவர்பூலின் 49க்கு 28ஐ வகுத்தாலும் 1.75. தசம இடம் எத்தனை எடுத்தாலும் அதே எண், இரண்டுமே நாலில் ஏழு. புள்ளியும் சமம், கோல் சராசரியும் சமம் என்று இரண்டு அணியும் களம் இறங்கியிருக்கும். கடைசி ஆட்டம் 0-0 என்று முடிந்திருந்தால் லீக்காரர்கள் என்ன செய்திருப்பார்களோ. ஏற்கெனவே ஆறு கோல் போட்டுவிட்ட ஒரு ஆட்டத்தில் யாருக்கும் தேவைப்படாத ஏழாவது கோல், இரண்டு அணிகளையும் பிரித்தது.

இப்போது ஷெஃபீல்டின் பத்தரை நிமிடத்துக்குத் திரும்புவோம். அதை ஆடாமல் 3-1 என்றே விட்டிருந்தால் வில்லாவின் கணக்கு 71க்கு 39, சராசரி 1.82. லிவர்பூலைவிட வசதியான இடைவெளி. மார்ச்சில் வாங்கிய அந்த ஒரு கோல்தான் அதை 1.775 ஆக்கியது. அதே பத்தரை நிமிடத்தில் வென்ஸ்டே இன்னும் ஒன்று போட்டு 5-1 என்று ஆக்கியிருந்தால்? 71க்கு 41. சராசரி 1.732. லிவர்பூலின் 1.75க்குக் கீழே! கடைசி ஆட்டத்துக்கு லிவர்பூல் டிரா போதும் என்ற தெம்போடு வந்திருக்கும். 0-0 என்றாலும் லிவர்பூல், 1-1 என்றாலும் லிவர்பூல். 2-2 என்றால் வில்லா 1.698, லிவர்பூல் 1.700, அப்போதும் லிவர்பூல். 3-3 ஆனால் மட்டும் வில்லா. பின்னால் நின்று இறுக்கிப் பிடித்து ஆடுவதில் நாட்டிலேயே முதல் அணியிடம் ‘டிரா போதும்’ என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகியிருக்கும்?

கழித்தல் கணக்கில் பார்த்தால் இந்தப் பதற்றமே இருந்திருக்காது. வில்லாவுக்கு 31 கூடுதல், லிவர்பூலுக்கு 21 கூடுதல். பத்து கோல் வித்தியாசம். வகுத்தல் கணக்கு என்பதால்தான் 22 கோல் குறைவாகப் போட்ட லிவர்பூல் தோளோடு தோள் நின்றது. இதற்கு நேர் தலைகீழ் 1989இல் நடந்தது. ஆர்சனலும் லிவர்பூலும் புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் சமமாகி, அதிக கோல் போட்டதால் ஆர்சனல் சாம்பியன். ஆர்சனல் 73க்கு 36, லிவர்பூல் 65க்கு 28. பழைய கோல் சராசரியில் வகுத்தால் லிவர்பூல்தான் முன்னால். இங்கிலாந்து லீக் அந்தக் கணக்கை 1976இலேயே கைவிட்டிருந்தது. இன்னும் ஒன்று: வெற்றிக்கு 3 புள்ளி என்ற இன்றைய விதியை 1899இல் வைத்தால், கடைசி ஆட்டத்துக்கு முன் லிவர்பூல் 62, வில்லா 61. அப்போதும் லிவர்பூலுக்கு டிரா போதும்.

இதெல்லாம் ‘இருந்திருந்தால்’ கணக்கு. நடந்தது என்ன என்றால், டிரா என்ற பேச்சுக்கே வில்லா இடம் கொடுக்கவில்லை.

வில்லா பார்க் அப்போது இரண்டு வயதான மைதானம். புல்தரையைச் சுற்றி சைக்கிள் பந்தயப் பாதை ஓடும், அதற்கப்பால் கூட்டம். அன்றைக்கு நாற்பதாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். 1899க்கு இது மிகப்பெரிய கூட்டம். ஆடுகளக் கோடுகளும் இன்றைக்கு இருப்பது போல இல்லை. பெனால்டி பாக்ஸ் என்ற செவ்வகமே இன்னும் வரவில்லை. கோல்கீப்பர் தன் பாதி மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் பந்தைக் கையில் எடுக்கலாம்.

வில்லாவின் கேப்டன் ஜாக் டெவி ஆரம்பத்திலேயே முதல் கோலைப் போட்டார். அதன் பிறகு லிவர்பூலின் பெயர்பெற்ற பின்வரிசை சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. டெவி இரண்டு, ஃப்ரெட் வெல்டன் இரண்டு, ஜிம்மி கிராப்ட்ரீ ஒன்று. இடைவேளைக்குப் போகும்போதே 5-0. இரண்டாம் பாதியில் யாரும் கோல் போடவில்லை, போட வேண்டிய தேவையும் இல்லை. அதுவரை 33 ஆட்டத்தில் 28 கோல் மட்டும் விட்ட அணி, 45 நிமிடத்தில் ஐந்தை விட்டது. கோல் சராசரிக்கு வேலையே இல்லாமல் போனது. வில்லா 45, லிவர்பூல் 43.

டெவியும் வெல்டனும் கோடையில் முதல்தரக் கிரிக்கெட்டும் ஆடியவர்கள். டெவி வார்விக்ஷயருக்கு, வெல்டன் வூஸ்டர்ஷயருக்கு. ஏப்ரல் கடைசியில் கால்பந்து முடிந்ததும் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் காலத்தில் இது சகஜம்.

நாலு அரையிறுதி ஆடிய களைப்பில்தான் லிவர்பூல் விழுந்தது என்று ஒரு கட்சி உண்டு. நான் அதை முழுசாக ஏற்கவில்லை. டெர்பியில் தோற்றதற்கும் வில்லா பார்க்குக்கும் நடுவே ஒரு மாதம் இருக்கிறது. அந்த ஒரு மாதத்தில் பட்டத்தைக் கைவிடாமல் சம புள்ளிவரை வந்திருக்கிறார்கள். அதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. வில்லா கடைசி நாட்களில் யார் எதிரே வந்தாலும் கோல் மழை பொழிந்துகொண்டிருந்தது, சொந்த மைதானம், சொந்தக் கூட்டம். லிவர்பூலுக்கோ டிரா போதாது, வென்றே ஆக வேண்டும். இறுக்கிப் பிடித்து ஆடிப் பழகியவர்களை முன்னேறி ஆடச் சொன்னால் பின்னால் கதவு திறந்துவிடும். அந்த ‘டிரா போதாது’ என்ற நிலை எங்கிருந்து வந்தது என்றால், வெஸ்ட் பிராம்விச்சுக்கு எதிரான ஏழாவது கோலிலிருந்தும், ஷெஃபீல்டில் அந்தப் பத்தரை நிமிடத்தில் வில்லா ஒன்றோடு தப்பித்ததிலிருந்தும்தான். களத்தில் இருந்தவர்கள் இதை இப்படி யோசித்திருப்பார்களா என்பது வேறு விஷயம். ஆனால் பத்திரிகைக்காரர்கள் யாராவது காகிதத்தில் வகுத்துப் பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மற்றவர்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். வில்லாவை அடித்த வென்ஸ்டே, அந்த இரண்டு புள்ளியையும் சேர்த்து 24 புள்ளியோடு கடைசி இடம். 25 எடுத்த போல்ட்டனோடு சேர்ந்து கீழே இறங்கியது. நேரடி இறக்க விதிக்கு முதல் பலி இந்த இருவர். அவர்கள் இடத்துக்கு மான்செஸ்டர் சிட்டியும் குளோசப்பும் ஏறின. ஆலிவ் குரோவ் நிலம் ரயில்வேக்குத் தேவைப்பட்டதால் வென்ஸ்டேக்கு மைதானமும் போனது. ஊருக்கு வெளியே ஔலர்ட்டன் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று ஹில்ஸ்பரோ என்று அழைக்கப்படுவது அதுதான். அடுத்த வருடமே இரண்டாம் டிவிஷனை வென்று திரும்பி வந்தார்கள்.

வில்லா 1899-1900இலும் பட்டத்தைத் தக்கவைத்தது. இந்த முறை இரண்டாவது வந்தது ஷெஃபீல்ட் யுனைடெட், இங்கேயும் இரண்டே புள்ளி வித்தியாசம். கோல் சராசரி நிஜமாகவே ஒரு பட்டத்தைத் தீர்மானிக்க 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் 60க்கு 33, கார்டிஃப் சிட்டி 61க்கு 34. வித்தியாசம் 0.024. வில்லாவும் லிவர்பூலும் கடைசி ஆட்டத்துக்கு முன் நின்றது 0.025இல் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

லிவர்பூலுக்கு முதல் பட்டம் 1901இல் வந்தது. மறுபடியும் சீசனின் கடைசி ஆட்டம், ஏப்ரல் 29, அதே தேதி. இந்த முறை போன இடம் வெஸ்ட் பிராம்விச். 1-0 என்று வென்றார்கள். இரண்டாவது வந்தது வாட்சனின் பழைய கிளப்பான சண்டர்லாண்ட். புள்ளிகள் 45, 43.